ஏழு பீஸ் முடி

ஆமத்தூர்
6.1.2025

வேல்விழிக்கு, அப்பா எழுதுவது.

உன் கடை விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். எனக்காக எழுதவில்லை, உன் தங்கச்சிக்காக எழுதுகிறேன். பிரிக்காமல் போட்டுவிடாதே.

பாண்டிச்செல்விக்குச் சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை மாரீஸ்வரன், சாத்தூர்ப் பக்கம். சிவகாசியில் அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறார். தீபாவளி கழிந்த வாரம் வந்து பெண் பார்த்தார்கள். அப்போது செல்விக்கு இடுப்புக்குக் கீழே முடி இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

இடையில் கார்த்திகை மாதம் செல்விக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிப்போனது. உன் அம்மா சவுரி வைத்துப் பின்னிப் பார்த்தாள், நிற்கவில்லை. கிளிப் போட்டு மாட்டுகிற முடி உன்னிடம் இருக்கிறதாமே. அதில் எது நல்லது, எப்படி மாட்டுவது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பார்த்து ஒன்று அனுப்பு.

நான் இன்னும் அதே பட்டாசு ஆலையில், அதே திரி வெட்டும் செக்‌ஷனில்தான் இருக்கிறேன்.

அப்பா


மதுரை
10.1.2025

அப்பாவுக்கு,

கடிதம் இரண்டு நாள் மேஜையில் அப்படியே கிடந்தது. செல்வியின் பெயருக்காகப் பிரித்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுபோலத்தான் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

சவுரி என்பது நீளம் கூட்டுவதற்கு. சொந்த முடி தோளுக்குக் கீழே இறங்கினால்தான் அதைப் பின்னலில் சேர்க்க முடியும். கிளிப் முடி வேறு. தலையைக் குறுக்கே வகிடு வகிடாகப் பிரித்து, வேர்ப் பக்கம் சீப்பால் கொஞ்சம் சிக்காக்கி, அந்தச் சிக்கில் கிளிப்பை அமுக்க வேண்டும். ஒரு செட்டில் ஏழு பீஸ் வரும். பிடரிக்கு இரண்டு விரல் மேலே தொடங்கிக் காதுக்கு மேல்வரை மாட்டுவோம். கிளிப் தெரியாமல் மறைக்க மேலே சொந்த முடி விழ வேண்டும்.

நைலானில் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். போட்டோ லைட்டில் பொம்மைத் தலைபோல மினுங்கும், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். நிஜ முடிதான் நல்லது. நிறம் கறுப்பு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்து வெயிலில் யாருக்கும் முழுக் கறுப்பு கிடையாது, நுனியில் செம்பட்டை ஓடும். நுனியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் நிறம் எடுக்க முடியும்.

காய்ச்சலில் கொட்டிய தலை என்றால் இன்னொன்று உண்டு. மெலிந்த முடியில் கனமான செட்டை மாட்டினால் மிச்சமிருப்பதும் வேரோடு வந்துவிடும். அதனால் எனக்கு ஒரு போட்டோ வேண்டும். முடியை விரித்துப்போட்டு, பின்னாலிருந்து, பகலில் எடுத்தது. நாலைந்து முடியை வெட்டிக் காகிதத்தில் மடித்தும் வையுங்கள்.

செல்வியின் போன் நவம்பர் கடைசியிலிருந்து அணைந்தே இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் ரிப்பேர் என்றாள். டைபாய்டு வந்தது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

வேல்விழி


ஆமத்தூர்
17.1.2025

வேல்விழிக்கு,

நீ கேட்ட போட்டோவும் முடியும் இதில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சரவணக்குமார் எடுத்து, விருதுநகரில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தான்.

போன் ரிப்பேர்தான். காய்ச்சலை உன்னிடம் சொன்னால் கவலைப்படுவாய் என்று உன் அம்மா விட்டிருப்பாள். போலீஸ்காரன் கேட்பதுபோலக் கேட்கிறாய். நான் ஒரு பொருள் கேட்டேன், நீ விற்கிறவள். அவ்வளவுதான் நமக்குள்.

நீ போன பிறகு இந்த ஊரில் நான் எப்படி நடந்தேன் என்று உனக்குத் தெரியாது. காலையில் ஆலை வேன் வரும்போது கூட்டத்தில் நிற்காமல் தள்ளி ஒதுங்கி நின்று ஏறினேன், இரண்டு வருஷம். இப்போதுதான் நாலு பேர் பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் வந்தார்கள். அதைக் கெடுத்துவிடாதே.

நாள் குறைவாக இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அப்பா


மதுரை
21.1.2025

அப்பாவுக்கு,

இது டைபாய்டு இல்லை.

காய்ச்சலில் கொட்டினால் தலை முழுவதும் மெலியும். வகிடு அகலமாகி உச்சித்தோல் தெரியும். செல்வியின் தலையில் அடர்த்தி அப்படியே இருக்கிறது. பிடரியில் முடி ஒட்டக் குட்டை, காதோரம் வர வர நீளம், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி நிற்கிறது. பின்னலைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினால்தான் இப்படி நிற்கும். உங்கள் இடது கையால் வெட்டினால் சரிவு எந்தப் பக்கம் விழும் என்பது கண்ணாடியில் பார்த்தே எனக்குத் தெரியும். எனக்கு அது நேராக எட்டு மாதமாயிற்று.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவனோடு நின்று பேசினேன் என்று என் முடியை வெட்டினீர்கள். வெட்டிவிட்டு, “இனி எவன் ஒன்னையப் பாக்கான்னு பாப்போம்” என்றீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. செல்விக்கு அப்போது பதினொரு வயது. விளக்குமாற்றை எடுத்து என் முடியைக் கூட்டி அள்ளியவள் அவள்தான். மறுநாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன்.

என் கடைக்கும் இந்த மாதிரித் தலையோடு பெண்கள் வருவார்கள். கூட வருகிற ஆள் டைபாய்டு என்பார், மஞ்சள் காமாலை என்பார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். கேட்க மாட்டேன். நிறம் பார்த்து மாட்டி அனுப்பிவிடுவேன். அதனால் உங்களைவிட நான் யோக்கியம் என்று எழுத வரவில்லை.

முடியை அனுப்ப மாட்டேன். இவ்வளவு குட்டையான பிடரியில் பழக்கமில்லாதவர்கள் மாட்டினால், பூ வைத்த கனத்தில் சபையிலேயே நழுவும். வேண்டுமென்றால் நானே வந்து மாட்டுகிறேன். வேண்டாமென்றால் சாத்தூர்க்காரர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

வேல்விழி


ஆமத்தூர்
25.1.2025

வேல்விழிக்கு,

ஆமாம், வெட்டினேன்.

அவள் வேலைக்குப் போன கேலண்டர் கம்பெனியில் முனியராஜ் என்று ஒருவன் லோடு வேன் ஓட்டுகிறான். ஆர்டர் நெருக்கடியில் வேலை முடிய நேரமானால் அவன் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். மூன்று மாதம். என்னோடு திரி வெட்டுகிற ஆள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். “என்ன சீனிச்சாமி, ரெண்டாவதும் கெளம்பிருச்சு போலயே” என்றான். வீட்டுக்கு வந்து கேட்டேன். மாரீஸ்வரனைக் கட்ட மாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நீகூட என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

முடிதானே, வளரும் என்று நினைத்தேன். கையைக் காலை உடைக்கவில்லை. படிக்கவைத்தேன், பன்னிரண்டாவது வரை. நீ இதையெல்லாம் எழுத மாட்டாய்.

வா. ஆனால் ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்கு ஒரே மகள் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் நீ மதுரையிலிருந்து அலங்காரம் செய்ய வந்த பார்லர்க்காரியாக வர வேண்டும். அக்கம்பக்கத்தில் உன்னைத் தெரிந்தவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சபையில் என்னை அப்பா என்று கூப்பிடாதே.

சீனிச்சாமி


மதுரை
28.1.2025

அய்யா சீனிச்சாமி அவர்களுக்கு,

பார்லர்க்காரியாகவே வருகிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கிருப்பேன்.

பெண்ணுக்குச் சனிக்கிழமை தலைக்கு ஊற்றிவிடுங்கள். எண்ணெய் வைக்கக் கூடாது, கிளிப் வழுக்கும். தனி அறையும் கண்ணாடியும் வேண்டும். மாட்டுகிற நேரத்தில் உள்ளே யாரும் வரக் கூடாது, நீங்களும்தான்.

வேல்விழி


ஆமத்தூர்
6.2.2025

வேல்விழி,

நாலு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் எழுதியிருந்தால் கை கூசும் வார்த்தைகள் வந்திருக்கும்.

எவ்வளவு நன்றாக மாட்டினாய். அறையைவிட்டு அவள் வெளியே வந்தபோது நானே ஒரு நிமிஷம் பழைய செல்வி என்று நினைத்துவிட்டேன். இடுப்புவரை பின்னல், எது சொந்தம் எது வாங்கியது என்று தெரியவில்லை. உன் அம்மா அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா பூவை எடுத்துக்கொண்டு, “திரும்பி உக்காரு தாயி” என்றார். செல்வி திரும்பி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய், பின்னலை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரமே இல்லை. ஏழையும் வெற்றிலைத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தாள்.

பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். “எங்கப்பாதான் வெட்டுனாக. இந்தா நிக்காகளே, இவுக பார்லர்க்காரி இல்ல, எங்கக்கா. இவுகளுக்கும் எங்கப்பாதான் வெட்டுனாக.”

அந்த அம்மா கேட்டது உன் காதிலும் விழுந்தது. “முடிய வெட்டுற அளவுக்கு இந்தப் புள்ள என்ன செஞ்சிச்சு? அதையும் சொல்லிருங்க.” பூவைக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சமைத்தது சமைத்தபடி இருந்தது.

நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாய். ஊரே பார்த்தது. நான் போங்க என்றுதான் சொன்னேன். ஆனால் நீ நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா? ஒன்பது வருஷம் காத்திருந்து செய்தாயா?

சீனிச்சாமி


மதுரை
12.2.2025

அப்பாவுக்கு,

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

முதல் மூன்று பீஸ் மாட்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. ஒன்பது வருஷத்தில் போனில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். நேரில் ஒன்றும் வரவில்லை. நாலாவது பீசை எடுத்தபோது, “வலிக்குமாக்கா?” என்றாள். “இழுத்தாத்தான் வலிக்கும். கழட்டும்போது ரெண்டு வெரலால நடுவுல அமுக்கு, அதுவாத் தெறந்துக்கிரும்” என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான். அவள் ஒரு பீசைக் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு நான், “எங்கூட வந்திருதியா?” என்று கேட்டேன். “மாட்டிவிடு, அவுக வந்துருவாக” என்றாள். நான் மாட்டிவிட்டேன். அவ்வளவுதான். அவள் செய்ததை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் நான் பார்லர்க்காரியாக மூலையில் நிற்கத்தான் வந்தேன். கடைசிவரை அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருப்பேன்.

அதை அவளும் மறக்கவில்லை. நேற்று ஏதோ பேச்சில், நீங்கள் செய்ததை நான் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீயும்தானக்கா மாட்டிவிட்ட” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் எழுந்து கையைக் கழுவிவிட்டேன்.

திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் என்ன செய்திருப்பீர்கள்?

தாம்பாளத்தில் விட்டுவந்த அந்த ஏழு பீஸ் முடி எனக்கு வேண்டாம். வேறு யார் தலையிலும் அதை மாட்ட என்னால் முடியாது.

வேல்விழி


ஆமத்தூர்
20.3.2025

வேல்விழிக்கு,

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், நான் கேட்டால் தலையை ஆட்டுகிறாள். ஒன்றரை மாதமாகிறது. முப்பது வருஷத்தில் அய்யம்மாள் இப்படி இருந்ததில்லை. உன்னோடு போனில் பேசுகிறாள், சத்தம் கேட்கிறது. நான் உள்ளே வந்தால் வைத்துவிடுகிறாள். அவளிடம் நீ ஏதாவது சொல்லக் கூடாதா?

செல்வி அந்த முனியராஜோடுதான் இருக்கிறாளா? கம்பெனி லோடு வேனில் இப்போது வேறு ஆள் வருகிறான். ஆலையில் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா


மதுரை
28.5.2025

அப்பாவுக்கு,

அம்மாவிடம் கேட்டேன். “பேச என்ன இருக்கு” என்றாள். இங்கே வந்துவிடு என்றும் கூப்பிட்டேன். வர மாட்டாளாம். ஏன் என்று சொல்லவில்லை. அன்று அடுப்படியிலிருந்து வெளியே வராததைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எங்களுக்குள் பேச்சு அதைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

முனியராஜ் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு தடவை செல்வியைக் கூப்பிட்டான். தன் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், லாரிக்கு மாறி விஜயவாடா பக்கம் போகிறேன் என்றான். பிறகு அந்த நம்பர் இல்லை. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாவது நாள் கடைக்கு வந்து துண்டு மடித்தாள். ஆலையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நீங்கள் வெட்டியதற்குக் காரணம் மூன்று மாதம் வேனில் உட்கார்ந்து வந்தது. அதற்குமேல் அதில் எதுவுமே இல்லை.

அவள் மேலே படிக்க வேண்டும் என்கிறாள். காலேஜில் கேட்டுவிட்டோம். பன்னிரண்டாவது மார்க் ஷீட்டும் டி.சி.யும் ஒரிஜினல் வேண்டும். பீரோவில் பச்சை பைலில் வைத்திருந்தாளாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடக் கடிதம் வேண்டியதில்லை.

வேல்விழி


ஆமத்தூர்
17.6.2025

வேல்விழிக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். சர்டிபிகேட்டை அனுப்ப முடியாததால் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிய அன்று பீரோவைத் திறந்து அந்தப் பைலைக் கிழித்தேன். கிழித்து அடுப்பில் போட்டேன். உன் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்துதான் அவள் பேசவில்லை. போன கடிதத்தில் இதை நான் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை போனேன். அங்கிருந்து சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினார்கள். ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் மொக்கைச்சாமி என்று ஒருவர் மனு எழுதிக்கொடுக்கிறார். அவர் எதிரே உட்கார்ந்தேன். எப்படித் தொலைந்தது என்று கேட்டார்.

“தொலையல. நான்தான் கிழிச்சேன்” என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்டது. “ஏன் கிழிச்சீக?” என்றார். மகள் பேரில் உள்ள கோபத்தில் கிழித்தேன் என்றேன். அதற்கு முன்னால் அவள் முடியை வெட்டினேன், அவள் அக்காவுடையதையும் வெட்டினேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. பின்னால் ஒரு பொம்பளை, “நல்ல தகப்பன்” என்றாள்.

மொக்கைச்சாமி பேனாவை மறுபடி எடுத்து, “அய்யா, நீங்க சொல்றதுக்கு இதுல எடம் இல்ல. தொலஞ்சிருச்சுன்னு எழுதுனாத்தான் வேற குடுப்பாக. பஸ்ல வாரப்ப தவறிப்போச்சுன்னு போடுதேன், கையெழுத்துப் போடுங்க” என்றார்.

போட்டேன். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொல்லி எழுதி வாங்கினேன். இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். வாரம் ஒரு நாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்க் கேட்கிறேன். காலேஜில் அதுவரை பொறுப்பார்களா என்று விசாரித்து உன் அம்மாவிடம் சொல்.

செல்வி கேட்டால் பஸ்ஸில் தொலைந்துபோனது என்று சொல்லாதே. உங்கப்பா கிழித்து அடுப்பில் போட்டார் என்றே சொல். மனுவில்தான் அப்படி எழுத முடியவில்லை.

சீனிச்சாமி